வந்த மின்னஞ்சலின் பொருள் வரியைத் திருத்தி வைத்துக்கொள்வது எப்படி

மின்னஞ்சலின் பொருள் வரியை எழுதுபவர் அனுப்புநர்; அந்த வரியை நம்பி மாதங்கள் கழித்துத் தேடுபவர் பெறுநர். அனுப்பும் நேரத்தில் "வணக்கம்" என்றோ "கோப்பு இணைப்பில்" என்றோ எழுதினாலே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும், ஏனெனில் எதைப் பற்றிய பேச்சு என்பது அன்றைக்கு இருவருக்குமே தெரியும். ஓராண்டு கழித்து, அதே மடல் ஆயிரக்கணக்கான மடல்களுக்கு நடுவே கிடக்கும்போது, அந்தத் தலைப்பு எதையும் சொல்வதில்லை. மொழிபெயர்ப்பு வேலை ஒன்றுக்காகக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை நான் ஒரு முற்பகல் முழுவதும் தேடியிருக்கிறேன். கடைசியில் அது "ரீ: ரீ: சந்திப்பு நேரம்" என்ற தலைப்பின் கீழ்க் கிடைத்தது. எப்போது சந்திக்கலாம் என்று கேட்டுத் தொடங்கிய மடல் போக்குவரத்தில், எத்தனையோ பதில்களுக்குப் பிறகு, ஒப்பந்தமும் ஓர் இணைப்பாக வந்து சேர்ந்திருந்தது. அன்றிலிருந்து முக்கியமான மடல் எதுவாயினும், படித்து முடித்த கையோடு அதன் பொருள் வரியை எனக்குப் புரியும்படி மாற்றி வைத்துவிடுகிறேன்.

வந்த மடலின் தலைப்பை மாற்ற முடியும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. முடியும், ஆனால் மென்பொருளுக்கு மென்பொருள் வழி வேறுபடுகிறது, சிலவற்றில் நேர்வழி இல்லவும் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு செய்தால் மடலை இழக்காமல் செய்யலாம் என்பதால், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

திருத்தும்போது உள்ளே நடப்பது

ஒரு மின்னஞ்சல் என்பது அடிப்படையில் எழுத்துகளாலான ஒரே கோப்பு. மேற்பகுதியில் தலைப்புரைகள்: அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள், மடலுக்கென்று தனித்துவமான அடையாள எண் ஆகியவை வரிக்கு ஒன்றாக இருக்கும். அதன்பின் ஒரு வெற்று வரி. அந்த வெற்று வரிக்குக் கீழே இருப்பதெல்லாம் மடலின் உடல். பொருள் வரியும் இப்படி மேற்பகுதியில் இருக்கிற ஒரு சாதாரண வரிதான். கணினியில் உள்ள கோப்பாகப் பார்த்தால் அதை மாற்றத் தடையேதும் இல்லை.

தடை, மடல்களைச் சேமித்து வைத்திருக்கும் அஞ்சல் சேவையின் கணினியான சர்வரில் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்தும், மடல்களைச் சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் ஐமேப் முறையில், சர்வரில் சேர்ந்துவிட்ட ஒரு மடலின் உள்ளடக்கம் மாறாது என்பது விதி. படித்தது, படிக்காதது, நட்சத்திரமிட்டது போன்ற குறிகளை மட்டுமே மாற்ற முடியும். ஆகவே ஐமேப் கணக்கில் "பொருள் வரியைத் திருத்துகிறேன்" என்று ஒரு மென்பொருள் சொன்னால், அது உண்மையில் செய்வது வேறு: மடலை முழுவதுமாக இறக்கி, பொருள் வரியை மாற்றி, மாற்றிய வடிவத்தைப் புதிய மடலாகச் சர்வரில் ஏற்றி, பழையதை அழிக்கிறது. திருத்தம் என்பது இங்கே பிரதியெடுத்து மாற்றி வைப்பதுதான். ஏற்றும் வேலை பாதியில் நின்றால் என்ன ஆகும் என்ற கேள்வி இதனால்தான் எழுகிறது; பெரிய இணைப்புகள் உள்ள மடலை, விட்டுவிட்டு வரும் இணையத் தொடர்பில் திருத்தாதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

பாப்3 முறையில் மடல்களைக் கணினிக்கே இறக்கி வைத்திருப்பவர்களுக்கும், தண்டர்பேர்டு என்ற அஞ்சல் மென்பொருளில் "லோக்கல் ஃபோல்டர்ஸ்" பகுதியில் மடல்களைச் சேமிப்பவர்களுக்கும் இந்தச் சிக்கல் குறைவு. மடல் அவர்கள் வட்டிலேயே இருக்கிறது.

புதிய தலைப்பில் என்ன எழுதுவது

எப்படி மாற்றுவது என்பதைவிட எதை எழுதுவது என்பதில்தான் அதிகம் யோசிக்க வேண்டும். நான் கடைப்பிடிக்கும் முறை இது: மடலில் பேசப்படும் பொருளுக்கு உரிய தேதி முதலில், ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில், அடுத்து விஷயம், அடுத்து அது எந்த நிலையில் இருக்கிறது என்பது, கடைசியாகப் பகர அடைப்புக்குள் அனுப்புநர் எழுதிய பழைய தலைப்பு. மேலே சொன்ன ஒப்பந்த மடல் இப்போது என்னிடம் இப்படி இருக்கிறது:

2024-03-18 மொழிபெயர்ப்பு ஒப்பந்தம், இறுதி வடிவம், கையெழுத்தானது [முன்பு: ரீ: ரீ: சந்திப்பு நேரம்]

பழைய தலைப்பை அழித்துவிடாமல் வைப்பது மிக முக்கியம் என்று கருதுகிறேன். அனுப்பியவர் தொலைபேசியில் அழைத்து, "சந்திப்பு நேரம் என்ற மடலைப் பாருங்கள்" என்று சொன்னால், அவர் சொல்கிற சொற்களை வைத்தே நம்மால் தேட முடிய வேண்டும். தேதியை ஆண்டிலிருந்து தொடங்கி எழுதுவதற்கும் காரணம் உண்டு; பொருள் வரியின் அகரவரிசைப்படி அடுக்கினால் காலவரிசையும் தானாக அமைந்துவிடும். "முக்கியம்", "அவசரம்" போன்ற சொற்களை எழுதாதீர்கள். இன்றைய அவசரம் அடுத்த மாதம் அவசரமாக இருப்பதில்லை, அந்தச் சொல்லை வைத்து நீங்கள் எதையும் தேடப்போவதும் இல்லை. தேடும் நாளில் உங்கள் வாயில் முதலில் வரும் சொல் எதுவோ, அதுவே தலைப்பில் இருக்க வேண்டும்.

அவுட்லுக்

நேரடியாகத் திருத்த இடம் தருவது கிளாசிக் அவுட்லுக், அதாவது கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் பழைய வகை அவுட்லுக். மடலை இரட்டைச் சொடுக்கில் தனிச் சாளரமாகத் திறக்க வேண்டும். பட்டியலுக்குப் பக்கத்தில் தெரியும் வாசிப்புப் பலகத்தில் இது நடக்காது. திறந்த சாளரத்தின் மேலே தெரியும் பொருள் வரியின்மீது சொடுக்கினால் அங்கே எழுதலாம். மாற்றியபின் கன்ட்ரோலும் எஸ்-ஸும் சேர்த்து அழுத்திச் சேமியுங்கள். மறந்து மூடினால், மாற்றங்களைச் சேமிக்கவா என்று அதுவே கேட்கும்.

பல மடல்களை ஒரே இருப்பில் மாற்ற வேண்டியிருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. "வியூ செட்டிங்ஸ்" சாளரத்தில் "அதர் செட்டிங்ஸ்" என்பதற்குள் சென்று "அலவ் இன்-செல் எடிட்டிங்" என்ற கட்டத்தில் குறியிட்டு, பட்டியலை ஒற்றை வரி அமைப்புக்கு மாற்றினால், மடலைத் திறக்காமல் பட்டியலிலேயே பொருள் வரியைத் திருத்தலாம். வேலை முடிந்ததும் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால், வேறெதற்கோ தட்டிய எழுத்துகள் ஏதோ ஒரு மடலின் தலைப்பில் போய் உட்கார்ந்துவிடும்; எது மாறியது என்று பிறகு கண்டுபிடிக்க வழியே இல்லை.

திருத்திய பிறகும் பட்டியலில் பழைய தலைப்பே தெரிகிறது என்று சிலர் குழம்புவதுண்டு. "ஷோ அஸ் கான்வர்சேஷன்ஸ்" என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் அப்படித்தான் தெரியும். உரையாடலின் பெயரை அவுட்லுக் தனியாக ஒரு புலத்தில் வைத்திருக்கிறது. நாம் மாற்றியது மடலின் பொருளை மட்டும். அந்த அமைப்பை அணைத்தால் புதிய தலைப்பு கண்ணுக்குத் தெரியும். பலர் பகிர்ந்து பயன்படுத்தும் அஞ்சல் பெட்டியாக இருந்தால், உங்கள் திருத்தம் மற்றவர்களுக்கும் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். அவர்கள் பழைய தலைப்பைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.

தண்டர்பேர்டு

தண்டர்பேர்டில் இந்த வசதி உள்ளமைந்து வருவதில்லை. "எடிட் அஸ் நியூ மெசேஜ்" என்ற கட்டளையைப் பார்த்து அதுதான் இது என்று எண்ணிவிடக் கூடாது. அது மடலின் வாசகத்தை எடுத்து உங்கள் பெயரில் ஒரு புதிய வரைவை உண்டாக்கும், அனுப்புநரும் தேதியும் போய்விடும். இங்கே வேண்டியது ஓர் ஆட்-ஆன், அதாவது மென்பொருளோடு சேர்த்து நிறுவும் சிறு துணைக்கருவி. "எடிட்இமெயில்சப்ஜெக்ட்" என்ற பெயரிலும் "ஹெடர் டூல்ஸ் லைட்" என்ற பெயரிலும் இதற்கான ஆட்-ஆன்கள் உள்ளன. முதலாவது பொருள் வரிக்கு மட்டுமே உரியது. இரண்டாவது மற்றத் தலைப்புரைகளையும், வேண்டுமானால் மடலின் மூல வடிவம் முழுவதையும் திருத்த விடும். பொருள் வரி மட்டுமே நம் தேவை என்றால் முதலாவதே போதும். அதிகம் செய்யக்கூடிய கருவி அதிகம் கெடுக்கவும் கூடும்.

நிறுவுவதற்கு முன், உங்கள் தண்டர்பேர்டு பதிப்புக்கு அந்த ஆட்-ஆன் பொருந்துகிறதா என்று அதன் பக்கத்தில் பாருங்கள். 2020-இல் வெளிவந்த 78-ஆம் பதிப்பு பழைய வகை ஆட்-ஆன்களை ஏற்பதை நிறுத்தியபோது, நெடுங்காலம் பயன்பட்டுவந்த பல கருவிகள் ஒரே நாளில் செயலிழந்தன. அதன் பிறகும் பெரிய பதிப்பு ஒவ்வொன்று வரும்போதும் சில ஆட்-ஆன்கள் பின்தங்கிவிடுகின்றன.

நிறுவியபின், பட்டியலில் மடலின்மீது வலச் சொடுக்கு செய்தால் தலைப்பை மாற்றும் கட்டளை தெரியும். முதல் தடவை, உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொண்ட ஒரு சோதனை மடலில் செய்து பாருங்கள். பழைய பிரதி குப்பைத் தொட்டிக்குப் போகிறதா, நேரடியாக அழிகிறதா, புதிய பிரதியில் இணைப்புகளும் குறிச்சொற்களும் அப்படியே இருக்கின்றனவா என்பதை அந்த ஒரு மடலே காட்டிவிடும். ஜிமெயில் கணக்கைத் தண்டர்பேர்டில் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஜிமெயிலில் ஃபோல்டர் என்பது உண்மையில் மடலின்மீது ஒட்டிய ஒரு லேபிள்தான். ஃபோல்டரிலிருந்து அழித்த மடல் "ஆல் மெயில்" பகுதியில் தங்கிவிடக்கூடும், அப்போது பழைய தலைப்போடு ஒன்றும் புதிய தலைப்போடு ஒன்றுமாக இரண்டு பிரதிகள் நிற்கும்.

ஆட்-ஆன் இல்லாமல், கையால்

ஆட்-ஆனை நிறுவ அனுமதி இல்லாத கணினியில் வேலை செய்பவர்களுக்கும், என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க விரும்புபவர்களுக்கும் இந்த வழி. மடலைத் தண்டர்பேர்டிலிருந்து "சேவ் அஸ்" மூலம், ஒரு மடலை மட்டும் கொண்ட இஎம்எல் கோப்பாகச் சேமியுங்கள். அந்தக் கோப்பை ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டு, மற்றதை நோட்பேட் போன்ற எளிய எழுத்துத் திருத்தியில் திறங்கள். வேர்டில் திறக்கக் கூடாது. மேலிருந்து தேடினால் "சப்ஜெக்ட்" என்ற ஆங்கிலச் சொல்லும் முக்காற்புள்ளியும் கொண்டு தொடங்கும் வரி தென்படும்.

தலைப்பு ஆங்கிலத்தில் இருந்தால் அது அப்படியே படிக்கக் கிடைக்கும். தமிழில் இருந்தால், சமக்குறியும் கேள்விக்குறியும் முன்னால் நிற்க, படிக்கவியலாத ஆங்கில எழுத்துகளும் எண்களும் வரிசையாகத் தெரியும். மடல் கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். தலைப்புரைகளில் ஆங்கிலமல்லாத எழுத்துகளை எப்படி மாற்றி எழுத வேண்டும் என்று 1996-இல் வெளியான ஆர்எஃப்சி 2047 என்ற இணையத் தரநிலை ஆவணம் வகுத்த முறை அது. "ஒப்பந்தம்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு ஆறு எழுத்துகள். ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில், புள்ளிகளைத் தனியே எண்ணினால், 9 குறிகள். அவற்றைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், ஆக 27 பைட். அதை, ஆங்கில எழுத்துகளாலும் எண்களாலும் மாற்றி எழுதும் பேஸ்64 முறையில் எழுதினால் 36 எழுத்துகள். இப்படி மாற்றி எழுதிய துண்டு ஒவ்வொன்றும் 75 எழுத்துகளுக்கு மிகக் கூடாது என்பது விதி. முன்னும் பின்னும் வரும் அடையாளங்களுக்கே 12 போய்விடுவதால், ஒரு துண்டில் 15 தமிழ்க் குறிகளுக்குமேல் அடங்காது. எனவேதான் சற்றே நீண்ட தமிழ்த் தலைப்பு கோப்பில் இரண்டு மூன்று வரிகளாகப் பிரிந்து கிடக்கிறது.

இங்கேதான் தவறு நேர்கிறது. தொடரும் வரிகள் ஒவ்வொன்றும் ஓர் இடைவெளியோடு தொடங்கும். அந்த இடைவெளிதான் "இது மேல்வரியின் தொடர்ச்சி" என்று மென்பொருளுக்குச் சொல்கிறது. தலைப்பை மாற்றும்போது முதல் வரியை மட்டும் மாற்றிவிட்டு, இடைவெளியோடு தொடங்கும் அடுத்த வரிகளை விட்டுவிட்டால், பழைய தலைப்பின் வால் புதிய தலைப்போடு ஒட்டிக்கொள்ளும். அவற்றையும் சேர்த்து நீக்குங்கள். தலைப்புரைகளுக்கு இடையே தவறியும் வெற்று வரி விடாதீர்கள். அந்த இடத்திலேயே தலைப்புரை முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளப்பட்டு, மிச்சமுள்ள தலைப்புரைகள் மடலின் உடலாகக் கொட்டும், இணைப்புகளும் திறக்காமல் போகும்.

தமிழில் புதிய தலைப்பை எப்படி அந்தக் குறியீட்டு வடிவில் எழுதுவது? கணக்குப் போட்டு எழுத வேண்டியதில்லை. தண்டர்பேர்டில் ஒரு புதிய மடலைத் தொடங்கி, வேண்டிய தலைப்பைத் தமிழிலேயே தட்டச்சு செய்து, அனுப்பாமல் வரைவாகச் சேமியுங்கள். அந்த வரைவைத் தேர்ந்து கன்ட்ரோலும் யூ-வும் அழுத்தினால் அதன் மூல வடிவம் திறக்கும். அங்கே தண்டர்பேர்டே மாற்றி எழுதிவைத்த பொருள் வரி, தொடர்வரிகளோடு ஆயத்தமாக இருக்கும். அதை அப்படியே நகலெடுத்து உங்கள் கோப்பில் பழைய வரிகளின் இடத்தில் ஒட்டிவிடலாம்.

சேமிக்கும்போது கோப்பின் பெயர் இஎம்எல் என்றே முடிகிறதா, பின்னால் டிஎக்ஸ்டி சேர்ந்துவிட்டதா என்று பாருங்கள். பிறகு அந்தக் கோப்பைத் தண்டர்பேர்டில் வேண்டிய ஃபோல்டருக்குள் இழுத்து விடுங்கள். இப்படிச் சேர்த்த மடலில் பழைய நட்சத்திரமும் குறிச்சொல்லும் இருக்காது. மீண்டும் இட வேண்டும். மடலுக்குள் இருக்கும் தேதி மாறாது, ஆனால் சர்வரில் வந்து சேர்ந்த நேரத்தை வைத்து அடுக்குகிற செயலிகள் அதை இன்று வந்த மடலாகக் காட்டலாம்.

ஃபோல்டர் முழுவதையும் ஒரே கோப்பாக வைத்திருக்கும் எம்பாக்ஸ் வடிவத்தை நேரடியாகத் திறந்து திருத்துவது வேண்டாம். எந்த மடல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைத் தண்டர்பேர்டு தனி அட்டவணையில் குறித்து வைத்திருக்கிறது. நடுவில் ஒரு மடலின் நீளம் மாறினால் அதற்குப் பின் வரும் அத்தனை மடல்களின் இடக்கணக்கும் பிசகும். ஃபோல்டர் பண்புகளில் உள்ள "ரிப்பேர் ஃபோல்டர்" அதைச் சரிசெய்யும் என்றாலும், ஒரு தலைப்புக்காக ஒரு ஃபோல்டரையே பணயம் வைப்பது தேவையற்றது.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில் மட் என்ற அஞ்சல் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு இவ்வளவு சுற்று இல்லை. மடலின்மேல் நின்று ஈ விசையை அழுத்தினால் மூல வடிவம் திருத்தியில் திறக்கும். சேமித்து வெளியேறினால் திருத்திய மடல் சேர்ந்து, பழையதில் அழிப்புக் குறி விழும்.

உலாவியில் மட்டும் அஞ்சல் பார்ப்பவர்களுக்கு

ஜிமெயிலின் இணையப் பக்கத்தில் வந்த மடலின் தலைப்பை மாற்ற இடமில்லை. பதில் எழுதும்போது அம்புக்குறிக்குள் தெரியும் "எடிட் சப்ஜெக்ட்" நீங்கள் அனுப்பப்போகும் பதிலுக்கு உரியது. அதை மாற்றினால் புதிய உரையாடல் ஒன்று தொடங்கும், பழைய மடல் பழைய பெயரிலேயே இருக்கும். இதற்கு நான் பரிந்துரைப்பது "ஃபார்வர்டு அஸ் அட்டாச்மென்ட்". மூன்று புள்ளிப் பட்டியலில் அது இருக்கிறது. மடலை இணைப்பாக உங்களுக்கே அனுப்பி, புதிய மடலுக்கு வேண்டிய தலைப்பை எழுதிக்கொள்ளுங்கள். சாதாரணமாக ஃபார்வர்டு செய்தால் அசல் தலைப்புரைகள் தொலைந்து வாசகம் மட்டுமே வரும்; இணைப்பாக அனுப்பினால் அசல் மடல் எந்த மாற்றமுமின்றி உள்ளே இருக்கும். தேடலில் உங்கள் தலைப்பு அகப்படும், திறந்தால் அசல் கிடைக்கும். லேபிள் ஒன்றை இட்டாலே போதும் என்ற அளவுக்குத் தேவை சிறியதானால் இந்த வேலையும் வேண்டியதில்லை.

திருத்திய மடலுக்குப் பதில் எழுதும்போது

ஒருமுறை, எனக்குப் பணம் தர வேண்டியிருந்த ஒருவரின் மடலுக்கு "பாக்கி, மூன்றாம் முறையும் சாக்கு" என்று தலைப்பு மாற்றி வைத்திருந்தேன். சில வாரங்கள் கழித்து அதே மடலைத் திறந்து, பதில் பொத்தானை அழுத்தி, பணிவான நினைவூட்டல் ஒன்றை எழுதி அனுப்பினேன். நான் இட்ட தலைப்பே பதிலின் தலைப்பாகவும் போய்ச் சேர்ந்தது. அவருடைய தாய்க்கு உடல்நலம் குன்றியிருந்தது என்பதை அவர் அடுத்து எழுதிய மடலில்தான் அறிந்தேன். அவர் அந்தத் தலைப்பைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை; நான்தான் மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.

ஆகவே, பதிலில் போனாலும் கூச்சப்படத் தேவையில்லாத சொற்களையே தலைப்பில் எழுதுங்கள். ஆள்களைப் பற்றிய கருத்துக்கு அது இடமல்ல. பதில் எழுதும்போது பகர அடைப்புக்குள் காத்துவைத்த பழைய தலைப்பை மீட்டு எழுதிவிடுவதும் நல்லது. சில மென்பொருள்கள் உரையாடலைக் கோர்க்கும்போது தலைப்பையும் பார்ப்பதால், நம் தனிப்பட்ட தலைப்போடு போகிற பதில் எதிர்முனையில் தனி மடலாகப் பிரிந்து நிற்கக்கூடும்.

கடைசியாக ஒன்று. இன்றைய மடல்களில் பெரும்பாலானவை டிகேஐஎம் என்ற மின்கையொப்பத்தோடு வருகின்றன. மடல் அந்த அனுப்புநரின் தளத்திலிருந்து வந்தது, வழியில் மாறவில்லை என்பதற்கு அதுவே சான்று. அது காக்கும் தலைப்புரைகளில் வழக்கமாகப் பொருள் வரியும் அடங்கும். ஓர் எழுத்தை மாற்றினாலும் அந்தக் கையொப்பம் இனி சரிபார்ப்பில் தேறாது. அன்றாட மடல்களுக்கு இதனால் ஒன்றும் குறைவதில்லை. ஆனால் ஒப்பந்தம், பணப் பரிமாற்றம், வேலை நியமனம், தகராறு என்று நாளை யாருக்காவது காட்ட நேரும் மடலாக இருந்தால், அசலைத் தொடாமல் "அசல்" என்று ஒரு ஃபோல்டரில் நகர்த்தி வைத்துவிட்டு, அதன் பிரதியில் மட்டும் தலைப்பை மாற்றுங்கள். என் ஒப்பந்த மடலும் அப்படித்தான் இரண்டாக இருக்கிறது. மற்ற மடல்களில், குப்பைத் தொட்டியைக் காலி செய்வதற்கு முன், திருத்திய பிரதியைத் திறந்து அதன் இணைப்புகள் ஒவ்வொன்றும் திறக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.